கை வரலை: சத்து மாத்திரையை வாசித்தல்

பெரியம்மா ஆட்டையாம்பட்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் கைமுறுக்கு சுற்றியவர். அச்சில் பிழிவது யாருக்கும் வரும். கையில் சுற்றுவது வேறு வேலை. மாவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரிக்கத் திரிக்க, துணிமேல் வட்டத்துக்குள் வட்டமாக இறங்க வேண்டும். திரி ஓரிடத்தில் தடித்தால் அந்த இடம் வேகாது, மெலிந்தால் சட்டியிலேயே உடைந்துவிடும். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே சுற்றுவார். கையைப் பார்க்கவே மாட்டார்.

பெரியப்பா இறந்து ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் போனில், "கை வரலை கண்ணு" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை நாங்கள் எப்படிப் படித்தோம், எவ்வளவு தப்பாகப் படித்தோம் என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை வருகிறது. கை வரலை என்றால் கையில் ஏதோ பிரச்சினை. கையில் பிரச்சினை என்றால் நரம்பு. நரம்பு என்றால் சத்துக் குறைவு. சத்துக் குறைவு என்றால் ஊசி. இவ்வளவு வேகமாக ஒரு வாக்கியத்திலிருந்து ஊசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். உள்ளூரில் ஒரு கிளினிக், அது சரிப்படாமல் பக்கத்து ஊரில் இன்னொன்று. வாரம் ஒரு சிவப்பு ஊசி, தினம் ஒரு பி காம்ப்ளெக்ஸ், நடுநடுவே "ரொம்ப டல்லா இருக்காங்க" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ். ஒண்ணரை வருஷம் இப்படிப் போனது. இந்த ஒண்ணரை வருஷத்தில் பெரியம்மா விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பதையோ, பத்து கிலோ இளைத்ததையோ, பேத்தி வந்தால்கூடத் திரும்பிப் பார்க்காததையோ யாரும் நோய் என்று எண்ணவில்லை. அதெல்லாம் சத்து ஏறினால் சரியாகிவிடும்.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். "பாரு, மருந்து வேலை செய்யுது" என்பார் அண்ணன். அது ரிபோஃப்ளேவின் என்கிற பி2. உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். வேலை செய்யாததைத்தான் நாங்கள் வேலை செய்ததற்கு அத்தாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இலக்கிய இதழில் வைட்டமின் மாத்திரைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஃபோனில் தினமும் வாசிக்கக் கிடைக்கும் கதைவடிவங்களில் ஒன்று இது. உங்களுக்கும் தெரியும். முதல் பத்தியில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இரண்டாவதில் வேலை போகிறது, அல்லது காதல். மூன்றாவதில் யாரோ ஒரு நண்பர் "பிளட் டெஸ்ட் எடுத்தியா?" என்கிறார். நான்காவதில் ஓர் எண்: பி12 நூற்றுச் சொச்சம், டி ஒன்பது. ஐந்தாவதில் மாத்திரை. ஆறாவதில் வெயில், நடை, சிரிக்கும் படம். "டிப்ரஷன்னு நெனச்சேன், கடைசில பார்த்தா வைட்டமின்தான்" என்று முடியும். கச்சிதமான துப்பறியும் கதை. ஒரே குற்றவாளி, கடைசிப் பக்கத்தில் பிடிபடுகிறான், குடும்பத்தில் எல்லோரும் நிரபராதி.

இந்த வடிவத்தின் வெற்றி அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சத்துக் குறைவு யாரையும் குற்றம் சொல்வதில்லை. மாமியார், கணவன், கடன், முதலாளி யாரும் கதைக்குள் வர வேண்டாம். நோயாளியும் பலவீனமானவர் ஆகிவிடமாட்டார். எங்கள் வீட்டில் அப்போது தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று அண்ணன் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. சத்துக் குறைவால் எந்தச் சம்பந்தமும் தட்டிப்போவதில்லை.

நானும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்த மாதிரிப் பதிவு ஒன்றைத்தான் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். ஊசி போடுவதை நியாயப்படுத்த அண்ணனுக்கு அது ஒரு வருஷத்துக்கு உதவியது.

இந்தக் கதை முழுப் பொய்யாக இருந்தால் விமர்சிப்பது சுலபம். அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். வைட்டமினுக்கும் மனதுக்கும் உண்மையிலேயே ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவைக் கண்டுபிடித்த வரலாற்றில் நம் பக்கத்து ஊர்களுக்கும் இடமுண்டு.

நரம்பு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பெரிபெரி என்ற நோயில் கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கிச் செத்துப்போவார்கள். தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்ற இடங்களில் அது வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தவிட்டில் இருக்கும் அந்தப் பொருளைத் தேடிப்போன காசிமிர் ஃபங்க்தான் 1912இல் வைட்டமின் என்ற சொல்லையே உருவாக்கினார். ஆக, உலகத்தின் முதல் வைட்டமின் நிஜமாகவே நரம்பு மருந்து. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். அதுதான் பின்னால் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது.

அதே 1918இல் சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். குன்னூரில் வேலை பார்த்து, அந்த நிறுவனத்துக்கே இயக்குநராகி, இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் முகமாக இருந்து, 2019இல் நூறு வயதில் இறந்தார். தக்காணத்தில் சோளத்தையே நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு வந்த பெல்லாக்ராவை ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். நியாசின் என்ற பி3 பற்றாக்குறையில் வரும் அந்த நோயில் தோல் கறுத்து உரியும், வயிறு கெடும், அதோடு மனமும் கெடும்: சோர்வு, பயம், தூக்கமின்மை, முற்றினால் புத்தி பேதலிப்பு. அமெரிக்காவின் தென்மாநில மனநோய் விடுதிகளில் ஒருகாலத்தில் பெல்லாக்ரா நோயாளிகள் குவிந்திருந்தார்கள். 1937இல் நியாசின்தான் மருந்து என்று தெரிந்தபின் அப்படிப்பட்டவர்கள் மாத்திரை சாப்பிட்டு வீட்டுக்குப் போனார்கள். மனநோய் என்று பூட்டிவைத்த ஒன்று வைட்டமினால் தீர்ந்தது. துப்பறியும் கதையின் மூலப்பிரதி இதுதான், இது நடந்த கதை.

மூலப்பிரதிக்குப் பின்னால்தான் நகல்கள் வந்தன. 1950களில் கனடாவின் சஸ்காட்செவனில் ஆப்ரம் ஹாஃபர், ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், பெல்லாக்ராவை நியாசின் தீர்க்கிறது என்றால் ஸ்கிசோஃப்ரினியாவையும் தீர்க்காதா என்று யோசித்தார்கள். தினமும் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், ஆயுள் முழுக்க மனச்சோர்வோடு போராடியவர், தனக்கு நியாசின் உதவியது என்று நம்பி ஊர் ஊராகப் பரப்பினார். 1968இல் லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர், 'சயன்ஸ்' இதழில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: ஆர்த்தோமாலிக்யூலர் சைக்கியாட்ரி. சரியான மூலக்கூறைச் சரியான அளவில் மூளைக்குக் கொடுத்தால் மனம் சரியாகிவிடும். வாக்கியமாகப் பார்த்தால் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு சான்றுகளைப் பார்த்துவிட்டு, இந்த உரிமைகோரல்களுக்கு ஆதாரம் இல்லை என்று நிராகரித்தது.

அவர்கள் செய்த தவறு மருத்துவத் தவறு என்பதைவிட வாசிப்புத் தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. குறைவைச் சரிசெய்தால் நோய் போகும் என்பது ஒரு வாக்கியம். குறைவே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தாலும் நோய் போகும் என்பது இன்னொரு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எந்த வழியும் இல்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் ஊற்றலாம். திரி அறுந்த விளக்கில் எண்ணெயை நிரப்பி என்ன ஆகப்போகிறது?

இன்று நம்மிடம் பெரிய சோதனைகளின் முடிவுகள் இருக்கின்றன. 2019இல் ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின் நாலு நாட்டிலும் சேர்த்து 1,025 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து வெளியானது. எல்லோரும் உடல் எடை கூடியவர்கள், லேசான மனச்சோர்வு அறிகுறிகளோடு இருந்தவர்கள். ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, ஒமேகா 3, செலீனியம் எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் கொடுத்தும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு மனச்சோர்வு நோய் குறைவாக வரவில்லை. அடுத்த வருஷம் வந்தது இன்னும் பெரியது: ஐம்பது வயதைத் தாண்டிய 18,353 அமெரிக்கர்கள், தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி, சராசரியாக ஐந்து வருஷத்துக்கு மேல். மனச்சோர்வு வருவதில் வித்தியாசமே இல்லை. இரண்டும் நோய் வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தவை. வந்தபின் கொடுத்தால்? வேல்ஸில் மனச்சோர்வு மருந்தோடு ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் வயதானவர்களுக்கு அதே மாதிரி மருந்தோடு பி12, பி6, ஃபோலிக் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்று மாதத்தில் வித்தியாசம் இல்லை, ஒரு வருஷம் முடியும்போது கொஞ்சம் நன்றாக இருந்தார்கள். 2022இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு 100 மில்லிகிராம் பி6 கொடுத்தபோது பதற்றம் சற்றுக் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். செய்தித்தாள்களுக்கு அது நல்ல தலைப்பு. ஆனால் அது அன்றாடத் தேவையைப்போல ஐம்பது மடங்கு. பி6ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் தின்றால் கை கால் நரம்பே பழுதாகி மரத்துப்போகும். நரம்புக்கு என்று வாங்கிச் சாப்பிடுவது நரம்பைக் கெடுக்கும். வைட்டமின் டி-யை அளவில்லாமல் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது வரும் அறிகுறிகள் சோர்வு, பசியின்மை, குழப்பம். அதாவது, எதற்காக எடுத்தோமோ அதுவே.

"அப்புறம் ஏன் மனச்சோர்வு உள்ளவங்க ரத்தத்துல டி கம்மியா இருக்கு?" நல்ல கேள்வி. மனச்சோர்வு உள்ளவர் வெளியே வருவதில்லை. வெயில் படுவதில்லை. சமைப்பதில்லை, சாப்பிடுவதில்லை. மூன்று மாதம் அறைக்குள் படுத்திருந்தவரின் ரத்தத்தில் டி குறையாமல் என்ன செய்யும்? காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. துப்பறியும் கதையில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றவனையே கொலைகாரன் என்று பிடிப்பது மாதிரி.

இதைச் சொல்லிவிட்டு உடனே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு நகல் கதைதான் எழுதுகிறேன் என்று ஆகும். பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுப்பவர்கள், நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தாமல் தின்பவர்கள் எல்லோருக்கும் குறைய வாய்ப்பு அதிகம். குறைந்தால் கை கால் மரக்கும், நடை தடுமாறும், ஞாபகம் போகும், மனச்சோர்வும் வரும். ரத்தச்சோகை தெரியாமல் மனதில் மட்டும்கூட முதலில் தெரியலாம். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சிவப்பு ஊசி உண்மையான மருந்து. தைராய்டும் இதே மாதிரி வேஷம் போடும். அதனால்தான் ஒழுங்கான மனநல மருத்துவர் முதல் நாளே ரத்தம் எடுக்கச் சொல்கிறார். என் நண்பன் ஒருவன் பிறவிச் சைவம், பி12 சரியானபின் கண்ணுக்குத் தெரிய மாறினான். அவன் பதிவு போட்டால் அதில் பொய் இருக்காது. அவனுடைய உண்மையை இன்னொருவர் நோய்க்கு மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

எங்கள் வீட்டில் நடந்தது இந்த இரண்டு கதையிலும் சேராதது. ஊசி தொடங்குமுன் யாரும் பெரியம்மாவின் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. ஒண்ணரை வருஷம் கழித்து எடுத்தபோது பி12 அளவு 2,000க்கு மேல் என்று வந்தது. அதற்குமேல் அந்தக் கருவியால் எண்ண முடியாது. சேலத்தில் பார்த்த மனநல மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "ஊசி நெறைய போட்டுட்டீங்க. இனி முதல்ல என்ன இருந்துச்சுன்னு சொல்ல வழியில்லை" என்றார். அவர் கை வரலை என்ற அந்த வாக்கியத்தையும் விடவில்லை. "கை மரக்குதாம்மா, இல்ல சுத்தணும்னே தோணலையா?" என்று கேட்டார். எங்கள் யாருக்கும் வாயில் வராத கேள்வி. பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எண்ணெய்ச் சட்டியப் பாத்தா பயமா இருக்குங்க சார்" என்றார். எதற்குப் பயம் என்று அவர் கேட்டபோது அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தப் பயம் எவ்வளவு நாளாக இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். குளுக்கோஸ் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் அது இருந்திருக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் மாதிரிப் பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்கிறது. அந்த 85இல் எத்தனை பேர் சும்மா இருந்தார்கள், எத்தனை பேர் எங்களை மாதிரி ஏதோ சிகிச்சை நடக்கிறது என்ற திருப்தியோடு இருந்தார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. பி காம்ப்ளெக்ஸ் அட்டை விலை மலிவு, பக்கவிளைவு குறைவு. அதன் பெரிய பக்கவிளைவு அது பிடித்துக்கொள்ளும் நாட்கள்தான்.

இனி நம் பக்கம் வருவோம். இலக்கியவாதிகள் இந்தச் சத்துக் கதையைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் நம்மிடம் இருக்கும் கதை அதைவிட மோசம். சோகம் ஆழமானது, கலைஞனின் சொத்து, மாத்திரை அதை மழுங்கடிக்கும் என்ற கதை. 1984இல், 33 வயதில், மனநோயோடு போராடி இறந்துபோன ஆத்மாநாமைப் பற்றி நாம் பேசும் விதத்தைப் பாருங்கள். நோயை அவருடைய கவிதைக்கு அடிக்குறிப்பாகவோ மகுடமாகவோ ஆக்கிவிடுகிறோம். அதை நோயாகப் பார்க்க நமக்கு மனம் வருவதில்லை. இதற்கு மாற்றாக ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் கோபிகிருஷ்ணனைத்தான் சொல்வேன். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் நோயாளிகள் நோயாளிகளாகவே பேசுகிறார்கள். மகுடமும் இல்லை, ஒற்றைக் காரணமும் இல்லை. இளைய வாசகர்கள் பதிவுகளைப் படித்த கையோடு அதையும் படிக்க வேண்டும். படிக்கச் சுகமாக இருக்காது. ஒரு எண்ணிலும் முடியாது.

சத்துக் கதை மனிதனைக் கிடங்காகப் பார்க்கிறது, இருப்புக் குறைந்தால் நிரப்பு என்கிறது. கலைஞன் கதை அவனைக் கோயிலாகப் பார்க்கிறது, எதையும் தொடாதே என்கிறது. இரண்டிலும் அந்த மருத்துவர் கேட்ட கேள்விக்கு இடமில்லை. 'சுத்தணும்னே தோணலையா?' என்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வராது. ஆனால் ரத்தம் எடுக்காமல் அந்தக் கேள்வியோடு மட்டும் நிற்பதும் சரியில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யும் ஆள் தேவை. பெரியாஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் முதலில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துப் பயப்படும் நிலையில் யாராவது இருந்தால் அடுத்த வார ஊசிவரை காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு மருந்து வேலை செய்ய ஐந்தாறு வாரம் ஆனது. முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் பசி. முறுக்குக்குத் திரும்ப இன்னும் ஐந்து மாதம். பழைய வேகம் வரவில்லை, இப்போது சுற்றும்போது கையைப் பார்த்துக்கொண்டுதான் சுற்றுகிறார். பி காம்ப்ளெக்ஸை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டதற்கு மருத்துவர், "இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று போன பொங்கலுக்குப் போனபோதுதான் புரிந்தது.

பழைய முறுக்கு டப்பா ஒன்றில் இரண்டு அட்டையும் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்து வீட்டு அக்கா மாவு சலித்துக்கொண்டே, "என்ன மாத்திரைங்க பெரீம்மா, தெனமும் போடறீங்க?" என்றார்.

பெரியம்மா சின்ன வெள்ளை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சத்து மாத்திரை."